கறுப்புத் தசையில் ஒரு வெள்ளைக் கோடு

மதுரையில் இதய எம்ஆர்ஐ படங்களைப் படித்து அறிக்கை எழுதும் அந்தக் கதிரியக்க மருத்துவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறு பரிசோதனைகளையெல்லாம் முடித்துவிட்டு வருகிறவர்கள். ஈசிஜி எடுத்திருப்பார்கள். எக்கோ பார்த்து 'பம்பிங் கம்மி' என்று சொல்லியிருப்பார்கள். பலருக்கு ஆஞ்சியோவும் ஆகியிருக்கும். ஆனாலும் அனுப்பிவைத்த இதய மருத்துவருக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: அசையாமல் கிடக்கும் அந்தத் தசை செத்துவிட்டதா, ரத்தம் போதாமல் சோர்ந்திருக்கிறதா? செத்து வடுவாகிவிட்டது என்றால், எவ்வளவு, எந்த இடத்தில்?

எக்கோ இதயச் சுவர் அசைவதைக் காட்டும்; ஏன் அசையவில்லை என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் வேண்டும். ஆஞ்சியோ ரத்தக் குழாயைக் காட்டும். குழாய்க்கு அப்பாலுள்ள தசை என்ன ஆனது என்று சொல்லாது. நெஞ்சைத் திறக்காமல், ஊசியால் சதை எடுக்காமல் வடுவை நேராகக் கண்ணால் பார்க்க இன்று இருக்கும் சிறந்த வழி எம்ஆர்ஐதான் என்பது இந்த மருத்துவரின் உறுதியான எண்ணம். அவர் தொழிலைக் கற்றதே அந்த ஒரு படத்தை ஒழுங்காக எடுப்பதற்காகவும், எடுத்ததை ஒழுங்காகப் படிப்பதற்காகவும்தான்.

வேலை ஸ்கேன் அறைக்கு வெளியிலேயே தொடங்கிவிடும். உள்ளே இருப்பது 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் முப்பதாயிரம் மடங்கு. அதை யாரும் அணைத்து வைப்பதில்லை, இரவும் பகலும் அது காந்தம்தான். "அம்மா, தாலிக்கொடிய கழட்டிட்டு இந்த மஞ்சக் கயிறப் போட்டுக்கங்க" என்று பெண் டெக்னீஷியன் சொல்லும்போது சிலர் உடனே கழற்றிவிடுவார்கள். சிலர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் நெஞ்சுக்கு மேல் கிடக்கும் எந்த உலோகமும் படத்தைக் குலைக்கும், சூடாகவும் கூடும். அதைவிடப் பெரிய தொல்லை, தாலிக்கொடியில் வரிசையாக மாட்டி வைத்திருக்கும் ஊக்குகள். அவை இரும்பு. வருடக்கணக்கில் கழற்றாத மெட்டியைச் சோப்புத் தண்ணீர் போட்டு உருவுவதும், ஆண்களின் அரைஞாண் கொடியைக் கேட்டு வாங்குவதும், பேஸ்மேக்கர் அட்டையைச் சரிபார்ப்பதும், சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று கிரியாட்டினின் அளவைப் பார்ப்பதும் இதே வரிசையில் வரும். இவற்றில் எதையும் அவர் சில்லறை வேலையாக நினைப்பதில்லை.

அடுத்தது ஈசிஜி. இதயம் நிற்காமல் துடிக்கும் உறுப்பு என்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் படத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி வில்லைகள் வழிகாட்டும். இங்கே காந்தமே குறுக்கே நிற்கிறது. பெருந்தமனியில் பாயும் ரத்தம் மின்சாரம் கடத்தும் திரவம். வலுவான காந்தப்புலத்துக்குள் அது ஓடும்போது தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதனால் ஈசிஜியின் டி அலை வீங்கி, கருவி அதையே இதயத் துடிப்பின் தொடக்கமென்று எடுத்துக்கொள்ளும். வில்லைகளை ஒரு விரல் தள்ளி ஒட்டிப் பார்ப்பது, தோலை இன்னொரு முறை துடைப்பது என்று டெக்னீஷியன் போராடுவார். வடு அதிகம் உள்ள இதயத்தில்தான் துடிப்பும் அடிக்கடி தவறும். யாருக்கு இந்தப் படம் மிகவும் தேவையோ அவருக்கே அதை எடுப்பது மிகவும் கடினம்.

"ஐயா, மூச்ச இழுங்க... விடுங்க... அப்படியே நிப்பாட்டுங்க." ஒரு ஸ்கேனில் இந்த வாக்கியம் எத்தனை தடவை ஒலிக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். இழுத்துப் பிடித்தால் அப்படி நிற்காது. பத்து விநாடி என்பது சுகமாக இருப்பவருக்கு ஒன்றுமில்லை. நுரையீரலில் நீர் கோத்து, இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறவருக்கு அது பெரிய காரியம். மருத்துவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்தபடி, எவரால் எவ்வளவு முடியும் என்று மனத்துக்குள் கணித்துக்கொண்டே இருப்பார். முடியாதவர்களுக்கு ஒரே துடிப்பில் முழுப் படத்தையும் எடுக்கும் வேக முறை உண்டு. கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் நோயாளி திணறமாட்டார்.

பிறகு ஊசி. அதில் இருப்பது கடோலினியம், பின்லாந்து வேதியியலாளர் யோஹான் கடோலின் பெயரைத் தாங்கிய அருமண் உலோகம். அணு எண் 64. இணை சேராத ஏழு எலக்ட்ரான்கள் இருப்பதால் பக்கத்தில் உள்ள நீர் மூலக்கூறுகளின் காந்த நடத்தையை அது பலமாக மாற்றும். தனியாக உடலுக்குள் போனால் நஞ்சு. அதனால் கரிம மூலக்கூறு ஒன்றுக்குள் பூட்டித்தான் செலுத்துவார்கள். அமெரிக்காவில் முதல் கடோலினியம் மருந்துக்கு 1988இல் அனுமதி கிடைத்தது. சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போனவர்களில் சிலருக்குத் தோல் இறுகும் கடுமையான நோய் வருவதற்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு உண்டு என்று 2006இல் தெரியவந்ததும் உலகம் முழுவதும் கட்டுப்பாடுகள் வந்தன. கிரியாட்டினின் பார்ப்பது அதனால்தான். உலோகத்தை இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும் வளைய அமைப்புள்ள மருந்துகளுக்கே அவர் மாறியதும் அதனால்தான்.

உயிருள்ள தசை செல்லின் சவ்வைத் தாண்டி இந்த மருந்து உள்ளே போகாது. நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் அது தங்க இடைவெளியும் குறைவு. புதிதாகச் செத்த செல்லில் சவ்வு கிழிந்திருக்கும், மருந்து உள்ளே புகுந்துவிடும். பழைய வடுவில் செல்லே இல்லை, கொலாஜன் நார்களும் அவற்றுக்கிடையே அகன்ற இடைவெளிகளும்தான். மழை விட்ட பிறகு மேட்டு நிலம் காய்ந்துவிடப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்பதுபோல, பத்துப் பதினைந்து நிமிடத்தில் நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும், வடுவில் தங்கி நிற்கும். அந்த நேரத்தில் எடுக்கும் படமே முக்கியமான படம்.

அதை எடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஹைட்ரஜன் கருக்களின் காந்தத் திசையை ஒரு ரேடியோ துடிப்பால் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். அவை பழைய நிலைக்குத் திரும்பும் வழியில் ஒரு கணம் பூஜ்யத்தைக் கடக்கும். கடோலினியம் அதிகமுள்ள இடம் வேகமாகத் திரும்பிவிடும். நல்ல தசை பூஜ்யத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில், அதாவது கவிழ்த்ததிலிருந்து கால் விநாடியோ அதற்குச் சற்று அதிகமோ ஆனபோது, படம் பிடித்தால் நல்ல தசை கன்னங்கறுப்பாகவும் வடு வெள்ளையாகவும் விழும். கணம் தப்பினால் கறுப்பும் வெள்ளையும் குழம்பிப்போகும். நிமிடங்கள் செல்லச் செல்ல மருந்து கழுவிப்போவதால் அந்தக் கணமும் தள்ளிக்கொண்டே போகும், டெக்னீஷியன் அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறையை சிக்காகோவில் சிமோனெட்டியும் அவரது குழுவினரும் செப்பமாக்கி 2001இல் வெளியிட்டார்கள்.

அதற்கு முன்னால், வெள்ளையாகத் தெரிவது செத்த தசைதானா என்பதிலேயே சண்டை இருந்தது. பிழைக்கக்கூடிய தசையும் வெள்ளையாகத் தெரியும் என்று வாதிட்டவர்கள் உண்டு. சிக்காகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் ஆகியோரின் குழு நாய்களின் இதயத்தில் எம்ஆர்ஐ படம் எடுத்து, பிறகு அதே இதயத்தைத் துண்டு துண்டாக வெட்டி, உயிருள்ள தசையை மட்டும் சிவப்பாக்கும் சாயத்தில் தோய்த்துப் பார்த்தது. 1999இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் படத்தின் வெள்ளைப் பகுதியும் சாயம் ஏறாத பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாற்போலப் பொருந்தின. இந்த மருத்துவர் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது முதலில் காட்டுவது இதைத்தான். கருவியை நம்பும் முன், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பார்.

மறு ஆண்டு அதே குழு மனிதர்களிடம் பார்த்தது. ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்யவிருந்த 50 பேர். சிகிச்சைக்கு முன் வடுவே இல்லாமல் சரியாக அசையாதிருந்த 329 பகுதிகளில் 256 பகுதிகள் பிறகு நன்றாக அசைந்தன. சுவரின் முக்கால் பங்குக்கு மேல் வடு இருந்த 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று.

சுவரின் எத்தனை பங்கு என்று அளக்க முடிவதுதான் இந்தப் படத்தின் பலம். இதயச் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன். எம்ஆர்ஐ அதற்குள் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேனுக்கு அவ்வளவு கூர்மை இல்லை. 2003இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 91 நோயாளிகளை இரண்டு வகையாலும் பார்த்தார்கள். சுவரின் உள்ளோரத்தில் மட்டும் இருந்த வடுக்களில் ஏறக்குறைய பாதியை ஸ்பெக்ட் தவறவிட்டது.

உள்ளோரம் என்பது தற்செயலான இடமில்லை. ரத்தக் குழாய்கள் இதயத்தின் வெளிப்புறத்தில் ஓடி உள்ளே கிளைக்கின்றன. குழாய் அடைத்தால் கடைக்கோடியில் இருக்கும் உள்ளடுக்குதான் முதலில் பட்டினி கிடக்கும். ரைமரும் ஜென்னிங்ஸும் 1977இல் காட்டியபடி, சாவு உள்ளே தொடங்கி மணிக்கணக்கில் வெளிநோக்கிப் பரவுகிறது. 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து, விடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவரின் படத்தில் வடு சுவர் முழுவதையும் தின்றிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் வந்து அடைப்பு நீக்கப்பட்டவரின் படத்தில் உள்ளோரமாய் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று மட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், ஏன் சீக்கிரம் வர வேண்டும் என்று யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வலியே தெரியாமல் வந்துபோகும் மாரடைப்பும் உண்டு. ஐஸ்லாந்தில் 67 வயதுக்கு மேற்பட்ட 936 பேரை ஸ்கேன் செய்து 2012இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தது என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் 91 பேர். வந்ததே தெரியாமல் வடுவோடு இருந்தவர்கள் 157 பேர். ஈசிஜியை மட்டும் வைத்துப் பார்த்தபோது அப்படி அகப்பட்டவர்கள் 46 பேர்தான். நம் ஊரில் சர்க்கரை நோய் இருக்கும் அளவை நினைத்தால் இந்த எண்களை அவரால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகலாம்.

எல்லா வடுவும் மாரடைப்பு இல்லை என்பதை உணரும்போதுதான் இந்தத் தொழில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். மாரடைப்பின் வடு உள்ளோரத்தைத் தொட்டே தீரும், ஒரு ரத்தக் குழாயின் எல்லைக்குள் அடங்கும். கல்லூரி படிக்கும் பையன், காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, ஆஞ்சியோவில் குழாய்கள் சுத்தம். அவன் படத்தில் வெள்ளை பக்கச்சுவரின் வெளியோரத்தில் இருந்தால், உள்ளோரம் கறுப்பாகவே இருந்தால், அது இதயத்தசை அழற்சி. ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் ஆயுள் முழுக்க வேண்டாம். சில மாதங்கள் ஓட்டமும் கிரிக்கெட்டும் கூடாது. கணவர் இறந்த துக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அம்மாவின் இதயம் எக்கோவில் நுனி வீங்கி அசையாமல் கிடந்தாலும், எம்ஆர்ஐயில் வடுவே இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் தாகோட்சுபோ. தசை சில வாரங்களில் தேறிவிடும். "செத்த பகுதி எதுவும் இல்லம்மா" என்று அப்படியொரு அம்மாவின் மகளிடம் அவர் சொன்னபோது, அந்தப் பெண் அதையே மூன்று முறை திருப்பிக் கேட்டாள்.

ஒரு நாள் டெக்னீஷியன் உள்ளேயிருந்து கூப்பிட்டார்: "மேடம், மசில் கறுக்கவே மாட்டேங்குது. எந்த டைம் வச்சாலும் வரல." எழுபதைத் தாண்டிய பெரியவர், சுவர் தடித்த இதயம், ரத்த அழுத்தத்தால் வந்தது என்று பல வருடமாகச் சொல்லப்பட்டவர். படத்தைப் பார்த்தால் ரத்தம் கறுக்கும் முன்பே தசை பூஜ்யத்தைக் கடந்துவிட்டிருந்தது. வழக்கமான வரிசையே தலைகீழ். அமிலாய்டு என்ற புரதம் தசைச் செல்களுக்கு இடையே முழுக்கப் படிந்து மருந்தை எல்லா இடத்திலும் பிடித்துவைத்துக்கொள்ளும்போது இப்படித்தான் ஆகும். கறுக்க வைப்பதற்கு நல்ல தசை என்று எதுவும் மிச்சமிருக்காது. படம் சரியாக வராததே அங்கே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பெரியவருக்கு இரண்டு கைகளிலும் விரல் மரத்துப்போய் மணிக்கட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது என்று பிறகு மகன் சொன்னார். அதுவும் அதே நோயின் பழைய அடையாளம். டெக்னீஷியன் அதைத் தன் கைக்கோளாறு என்று நினைத்துப் படத்தை ஒதுக்கிவிடாமல் கூப்பிட்டதை மருத்துவர் இன்றும் புதியவர்களிடம் சொல்வார்.

கேரளத்திலிருந்து எல்லை தாண்டி வந்த நோயாளிகள் சிலரிடம் வேறொரு வடுவைப் பார்த்திருக்கிறார். இதய அறையின் உட்பூச்சே தடித்து, நுனியை அடைத்து, அதன்மேல் ரத்தக் கட்டியும் படிந்து மூன்று அடுக்காகத் தெரியும் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ். ஒருகாலத்தில் கேரளக் கடற்கரையில் ஏழைக் குழந்தைகளையும் இளைஞர்களையும் வாட்டிய நோய்; இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தை வளர்த்த டாக்டர் வலியத்தான் இதற்கு அறுவை சிகிச்சை செய்ததோடு, கடற்கரை மோனசைட் மணலில் உள்ள சீரியம் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்தையும் முன்வைத்தார். அது நிறுவப்படவில்லை. நம் மணவாளக்குறிச்சி மணலிலும் அதே மோனசைட் உண்டு. அதில் சீரியத்தோடு கொஞ்சம் கடோலினியமும் இருக்கும்.

படிக்கத் தெரிந்த பிறகு வரும் ஆபத்து, அளவுக்கு மேல் படிப்பது. வலது, இடது அறைச் சுவர்கள் சேரும் மூலையில் சின்ன வெள்ளைப் பொட்டு நீண்ட தூரம் ஓடுகிறவர்களிடம்கூடத் தெரியலாம். மூச்சு அசைந்தாலும் கொழுப்பு நெருங்கியிருந்தாலும் பொய் வெள்ளை விழும். அதனால் ஒரு வெள்ளையை இரண்டு கோணங்களில் பார்க்காமல் அவர் வடு என்று எழுதுவதில்லை. 2020 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: கொரோனாவிலிருந்து மீண்ட 100 பேரில் 78 பேரின் இதய எம்ஆர்ஐயில் ஏதோ மாறுபாடு. உலகமே பதறியது. அடுத்த மாதமே அந்தக் கட்டுரையின் எண்களைத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் 1,597 பேரைப் பார்த்தபோது இதயத்தசை அழற்சி 37 பேருக்கு, அதாவது 2.3 சதவீதம். கூர்மையான கருவி கையில் இருக்கும்போது கட்டுப்பாடும் அதே அளவு வேண்டும் என்பதில் அவர் கறாரானவர்.

அவர் கற்ற பாடங்களில் ஒன்று பின்னாளில் ஆட்டம் கண்டது. உயிருள்ள தசை நிறைய இருந்தால் அடைப்பை நீக்குங்கள், நோயாளி பிழைப்பார் என்பது இருபது ஆண்டுக் காலம் எல்லோரும் சொன்ன தர்க்கம். பம்பிங் மிகவும் குறைந்த 700 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ரிவைவ்டு ஆய்வு 2022இல் வெளியானது. மாத்திரையோடு ஸ்டென்ட்டும் வைத்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை. மறு ஆண்டு வந்த துணை ஆய்வில், உயிருள்ள தசை எவ்வளவு என்பது எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வடு எவ்வளவு என்பதுதான் சொன்னது. அதிலிருந்து அவர் அறிக்கை எழுதும் முறையே மாறியது. 'பிழைக்கும் தசை' என்று முன்பு முதலில் எழுதியவர், இப்போது வடுவின் அளவையும் இடத்தையும் முதலில் எழுதுகிறார்.

வடு ஆபத்தாவது அது சுருங்காததால் மட்டுமில்லை. வடு நார்களுக்கு இடையே ஊடுருவிக் கிடக்கும் உயிருள்ள செல்களின் வழியே மின்சாரம் தாமதமாகச் சுற்றி, சுழலாகித் திடீர் மரணத்தைக் கொண்டுவரலாம். குழாய் அடைப்பே இல்லாமல் இதயம் வீங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு நடுச்சுவரின் மையத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் அப்படி 472 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். கோடு இருந்த 142 பேரில் 38 பேர் இறந்தார்கள். இல்லாத 330 பேரில் 35 பேர். பம்பிங் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த 399 பேரை அதே குழு தனியாகப் பார்த்தது. கோடு உள்ளவர்களில் 17.8 சதவீதம் பேருக்குத் திடீர் மரணமோ, மரணத்தின் விளிம்பிலிருந்து மீட்கப்படுவதோ நேர்ந்தது. கோடு இல்லாதவர்களில் 2.3 சதவீதம்.

ஐசிடி என்ற உயிர்காக்கும் கருவி வைக்கலாமா என்பதற்கு வழக்கமான எல்லை பம்பிங் 35 சதவீதம். வேன் ஓட்டும் ஒருவர் முப்பதுகளில், பம்பிங் 42, இரண்டு முறை மயங்கி விழுந்தவர், வந்தார். எக்கோ அறிக்கை 'லேசான குறைபாடு' என்றது. நடுச்சுவரில் கோடு தெளிவாக இருந்தது, இரண்டு கோணத்திலும். அறிக்கை போய்ச் சேரட்டும் என்று காத்திராமல் மருத்துவர் இதய மருத்துவருக்குப் போன் செய்தார். பம்பிங் 50க்குக் கீழே இருந்து, மயக்கமும் வடுவும் போன்ற அபாயங்கள் இரண்டு சேர்ந்தால் ஐசிடியைக் கருத வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. இருவரும் அதை வைத்துப் பேசினார்கள். செலவு பற்றியும் பேசினார்கள். வேன் ஓட்டுவதை உடனே நிறுத்தச் சொல்வது யார் என்பதும் பேச்சில் வந்தது. அதை இதய மருத்துவர் ஏற்றுக்கொண்டார். அந்த மாதமே கருவி வைக்கப்பட்டது.

அறிக்கையின் கடைசி வரியில் உடன்பிறந்தவர்களைப் பரிசோதிக்கும்படி எழுதியிருந்தார். தங்கைக்கு ஈசிஜியும் எக்கோவும் சாதாரணமாக இருந்தன, சில ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். தம்பி துபாயில் வேலை பார்க்கிறார். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஸ்கேன் செய்ய நேரம் குறித்திருக்கிறார்கள்.